அடுத்த பாகம் எப்போது?

ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாவது புத்தகம் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது 1999 ஜூலை 8 அன்று, பிற்பகல் 3.45 மணிக்கு. காலையிலேயே கடையில் அடுக்கினால் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிடுவார்கள் என்பது காரணம். அதுவே நல்ல விளம்பரமாகவும் ஆனது. பதிப்பாளர் புளூம்ஸ்பரிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அமெரிக்கக் கதை வேறு. முதல் புத்தகம் பிரிட்டனில் 1997 ஜூனில் வந்தது. அமெரிக்காவுக்குப் போய்ச் சேர 1998 செப்டம்பர் ஆனது. ஆறப்போட்டு விற்கலாம் என்று நினைத்தார்கள். ஆனால் இரண்டாம் புத்தகத்துக்குப் பொறுமையிழந்த அமெரிக்க வாசகர்கள் பிரிட்டன் பதிப்பையே இணையத்தில் வரவழைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பதிப்பாளர் ஸ்காலஸ்டிக் விழித்துக்கொண்டு தேதிகளை முன்னே இழுத்தது. நான்காம் புத்தகம் 2000 ஜூலை 8 அன்று இரு நாடுகளிலும் ஒரே நாளில் வெளியானது.

அதன் பிறகு எழுத்தாளர் ரௌலிங் நிதானமாகிவிட்டார். ஐந்தாவது 2003இல், ஆறாவது 2005இல், ஏழாவது 2007இல். மூன்று வருட இடைவெளியிலும் கூட்டம் கலையவில்லை. நடுவில் திரைப்படங்கள் வந்து சூட்டைத் தணியாமல் வைத்தன என்பார்கள். பாதி உண்மை. மீதிக் காரணம் கதையின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகமும் ஒரு கல்வியாண்டு. அந்த ஆண்டின் மர்மம் அந்தப் புத்தகத்திலேயே அவிழ்ந்துவிடும். பெரிய பகை பாக்கி இருக்கும். ஆனாலும் வாசகர் வயிறு நிறைந்து எழுந்திருப்பார்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பந்தியில் அப்படி யாரும் எழுந்திருக்க முடியாது. ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 1996, அடுத்தது 1998, மூன்றாவது 2000. அதுவரை ஒழுங்கு. மூன்றாம் புத்தகத்துக்குப் பின் கதைக்குள் ஐந்தாண்டுகளைத் தாவிவிடலாம் என்று திட்டமிட்டிருந்தார். எழுதிப் பார்த்தபோது சரிவரவில்லை, அதைக் கைவிட்டார். நான்காவது 2005இல் வந்தது. ஆனால் எழுதியது ஒரே நூலுக்குள் அடங்காததால், முக்கியமான பாத்திரங்கள் சிலரை அடுத்த நூலுக்கு ஒதுக்கியிருந்தார். அந்த நூலை மறு வருடமே தந்துவிட முடியும் என்று நம்பிப் பின்னுரையும் எழுதினார். அது வந்தது 2011இல்! அதே ஆண்டு தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 2016இல் புத்தகங்களைத் தாண்டிப் போய், 2019இல் முடிந்தும்விட்டது. ஆறாம் புத்தகத்துக்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

மார்ட்டினைச் சோம்பேறி என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்துப் பதினைந்து பேரின் பார்வையில் பிரியும் கதையில் ஒருவரின் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் மற்ற எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும். அச்சில் ஏறிவிட்ட முந்தைய பாகங்களையோ தொடவே முடியாது. முதல் பாகத்தை எப்போது வெளியிடுவது என்று முடிவெடுக்கும்போதே இந்தக் கஷ்டத்துக்கு விதை விழுந்துவிடுகிறது.

ஜெஃப் வாண்டர்மீரின் ‘சதர்ன் ரீச்’ வரிசையின் முதல் மூன்று நாவல்களும் 2014 பிப்ரவரி, மே, செப்டம்பர் என ஒரே ஆண்டுக்குள் வந்தன. மர்மத்தைத் தெளிவாக அவிழ்க்காத கதை அது. வருடக்கணக்கில் இடைவெளி விட்டிருந்தால் வாசகருக்குப் பாதி மறந்திருக்கும். ஆனால் இப்படி வெளியிட, முதல் நாவல் கடைக்கு வரும்போது மற்றவையும் ஏறக்குறைய தயாராக இருக்க வேண்டும். அதுவரை எழுத்தாளரின் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியும் வேண்டும். ஸ்டீபன் கிங் இதற்கு நேர்மாறு. 1996இல் ‘தி கிரீன் மைல்’ நாவலை மாதம் ஒன்றாக ஆறு சிறு புத்தகங்களாக வெளியிட்டார், முதல் பகுதி வரும்போது முடிவை எழுதாமலே. அந்தத் துணிச்சல் கிங்குக்குக் கட்டுப்படியாகும்.

வாரப் பத்திரிகையில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டு வாராவாரம் வந்தது. இதழ் அச்சுக்குப் போகும் நாள்தான் கல்கிக்குக் கெடு. அதில் ஐந்தாண்டு தாமதத்துக்கு ஏது இடம்? மகாபாரதத்தை மறுபடி சொல்லும் ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இன்னும் ஒரு படி மேலே: 2014 புத்தாண்டு முதல் 2020 ஜூலை வரை தினம் ஓர் அத்தியாயமாக, 26 நாவல்கள். குருக்ஷேத்திரத்தில் யார் மாள்வார், யார் மிஞ்சுவார் என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். அதனால் அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பு அங்கே பெரிதாக இல்லை. வாசகரின் அவஸ்தை வேறு: பத்து நாள் வெளியூர் போய்வந்தால் பத்து அத்தியாயம் பாக்கி.