ஒரு டாலர் பெட்ரோல்

ஒரு டாலருக்கு எவ்வளவு பெட்ரோல் கிடைத்துவிடும்? ஒரு சின்ன டப்பா அளவுக்குத்தான். அந்த ஒரு டாலர் பெட்ரோல் 87 உயிர்களைக் குடித்துவிட்டது என்றால் நம்ப முடிகிறதா?

நியூயார்க் நகரத்தின் பிரான்க்ஸ் பகுதியில் 'ஹாப்பி லாண்ட்' என்று ஒரு கேளிக்கை விடுதி இருந்தது. 'ஆனந்த பூமி' என்று சொல்லலாம். ஹாண்டுராஸ் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே கூடி, ஆடிப் பாடி, ஊர் நினைவைத் தீர்த்துக்கொள்வார்கள். 1990-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி, பொழுது விடிய இன்னும் சில மணி நேரம் இருந்தது. விடுதியில் வேலை பார்த்த ஒரு பெண்ணைத் தேடி அவளுடைய பழைய காதலன் வந்தான். தன்னோடு திரும்பி வரும்படி வற்புறுத்தினான். அவள் இணங்கவில்லை. வார்த்தை முற்றவே, காவலாள் அவனை வெளியே அனுப்பிவிட்டார். போனவன் பெட்ரோலோடு திரும்பி வந்தான். வாசற்படியில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டான்.

உள்ளே வர அது ஒன்றுதான் வழி. வெளியே போகவும் அதுவேதான் வழி!

மாடிப்படி புகைபோக்கியைப் போல் ஆகிவிட்டது. கரும்புகை மேலே ஏறிற்று. தீயணைப்புப் படையினர் சில நிமிஷங்களில் வந்து நெருப்பை அணைத்துவிட்டார்கள். ஆனால், மாடியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அதற்குள் மூச்சு முட்டி மாண்டுபோயிருந்தார்கள். தீ வைத்தவன் யார்மீது ஆத்திரப்பட்டானோ, அந்தப் பெண் தப்பிவிட்டாள்!

மிச்சத்தைச் செய்தது யார்?

குற்றவாளி பிடிபட்டான், சிறைவாசத்தின்போதே 2016-ல் இறந்தும்போனான். ஆனால், அவன் கொண்டுவந்தது ஒரு டாலர் பெட்ரோல்தானே? மிச்சத்தைச் செய்தது யார்?

அவசர வழி இல்லை, அபாய மணி இல்லை, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் இல்லை என்று, 1988 நவம்பரிலேயே அந்த விடுதியை மூடும்படி நகர அதிகாரிகள் உத்தரவு போட்டிருந்தார்கள். உத்தரவு காகிதத்தில் தூங்கியது. விடுதியில் பாட்டுக் கச்சேரி நடந்தது. பதினாறு மாதம் இப்படியே ஓடிற்று. காசு கொடுக்காமல் யாராவது நுழைந்துவிடப் போகிறார்களே என்று, இருந்த மற்ற வழிகளையும் அடைத்து வைத்திருந்தார்களாம். உள்ளே வரக் கூடாதவனுக்காகப் போட்ட தடை, வெளியே போக வேண்டியவர்களை மறித்துவிட்டது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அதே நியூயார்க்கில், அதே மார்ச் 25-ந் தேதி, 1911-ல் பெண்களுக்கான சட்டை தைக்கும் 'டிரையாங்கிள்' தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அது யாரும் வைத்த தீ அல்ல, விபத்து. வேலை முடிந்து போகும் பெண்கள் துணியை எடுத்துப் போய்விடுவார்களோ என்று ஒரு படிக்கட்டின் கதவைப் பூட்டியிருந்தார்கள். 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். எழுபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் பூட்டின் புத்தி மாறவில்லை!

ஒரு பையன் காட்டிய வழி

பிறகாவது மாறிற்றா? 2024 மார்ச் 22 அன்று, மாஸ்கோவை அடுத்த 'குரோகஸ் சிட்டி ஹால்' அரங்கில் பாட்டுக் கச்சேரி தொடங்கும் சமயம். துப்பாக்கி ஏந்தியவர்கள் நுழைந்து சரமாரியாகச் சுட்டார்கள். அரங்குக்குத் தீயும் வைத்தார்கள். 140-க்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். கச்சேரிகளுக்கு ஆபத்து வரலாம் என்று மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் இரண்டு வாரத்துக்கு முன்பே எச்சரித்திருந்தது. அப்படியும் வந்தவர்களைத் தடுக்க முடியவில்லை. ஓடிய இடத்தில் சில கதவுகள் பூட்டிக் கிடந்தன என்று தப்பியவர்கள் கூறினார்கள்.

அந்த அமளியிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. கோட்டுகளை வாங்கி வைக்கும் இடத்தில் வேலை பார்த்தவன், பதினைந்து வயதுப் பையன். பதறி ஓடிவந்த கூட்டத்தை வேறு பக்கத்து வாசலுக்குத் திருப்பி, நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றிவிட்டான். அவனிடம் ஆயுதம் இல்லை. எந்தப் பக்கம் வழி என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்!

கொடியவன் எப்போது, எங்கே வருவான் என்று நம்மால் சொல்ல முடியாது. வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்துக்கொள்ள முடியும் அல்லவா? சினிமாவுக்கோ கல்யாணத்துக்கோ குழந்தைகளோடு போகும்போது, உட்காருவதற்கு முன் இரண்டாவது வாசல் எங்கே என்று பாருங்கள். குழந்தைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். புகை சூழ்ந்தால் குனிந்தபடி நகர வேண்டும், லிஃப்ட் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி வையுங்கள். அந்த வாசலில் நாற்காலிகளை அடுக்கியிருந்தாலோ பூட்டுத் தொங்கினாலோ, நிர்வாகியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். "திருடன் வந்துவிடுவான், அம்மா" என்பார். வெளியிலிருந்து திறக்க வராமல், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவும் உண்டு என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்!