முகாம் குடும்பத்துக்கு மாசம் எவ்வளவு உதவி?

"முகாம்ல இருக்கறவங்களுக்கு எல்லாத்தையும் அரசே குடுத்துடுதே!" என்று பலரும் சொல்வது உண்டு. உண்மைக் கணக்கைப் பார்ப்போமா?

1983 இனக்கலவரத்திலும் அதன் பின் வந்த போரிலும் வீடிழந்து, கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் குடும்பங்கள் தமிழகத்தின் பல மாவட்டங்களில் முகாம்களில் வசிக்கின்றன. 2021 ஆகஸ்டில் இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றப்பட்டது. 'அகதி' என்ற சொல் போனது. மாத உதவித்தொகை உயர்வும் அப்போதே அறிவிக்கப்பட்டது:

• குடும்பத் தலைவர்: ரூ.1,000-லிருந்து ரூ.1,500
• மற்ற பெரியவர்கள்: ரூ.750-லிருந்து ரூ.1,000
• சிறுவர்கள்: ரூ.400-லிருந்து ரூ.500

கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் ரூ.3,500. முன்பு ரூ.2,550. ரேஷன் அரிசி இலவசம்தான். ஆனா காய்கறி, மருந்து, பஸ் செலவு? அதுக்காகத்தான் பெயிண்டிங், கட்டட வேலைன்னு கிளம்புறாங்க.

குடியுரிமை தருவது மத்திய அரசின் அதிகாரம். மாநில அரசால் முடிந்தது இந்த உதவிகள். நம்மாலும் ஒண்ணு முடியும்: முகாம்லேர்ந்து வேலைக்கு வர்றவங்களுக்கு, "உதவித்தொகைதான் வருதே"ன்னு கூலியைக் குறைக்காதீங்க. மத்தவங்களுக்குக் குடுக்கற அதே கூலியைக் குடுங்க.