அவுட்போர்டு மோட்டாரில் பொறி பிறப்பது எப்படி? பிளக் விற்கும் நாம் அறிய வேண்டியவை

கடற்கரை ஊர்களில் கடை நடத்தும் நம் வணிகர்கள் பலர், அரிசி பருப்போடு டூ-டி ஆயிலும் ஸ்பார்க் பிளக்கும் வைத்து விற்கிறார்கள். "அண்ணாச்சி, எஞ்சின் பிடிக்கல, ரெண்டு பிளக் குடுங்க" என்று விடியுமுன் மீனவர் வந்து நிற்பது நமக்குப் பழகிய காட்சி. நாமும் கொடுத்துப் பற்றில் எழுதி விடுகிறோம். ஆனால் கோளாறு பிளக்கில் இல்லையென்றால் படகு கடலுக்குப் போகாது. அவருக்குப் பாடு இல்லை. நமது பற்றும் நிலுவையில் நிற்கும். ஆகவே அந்தப் பொறி எங்கிருந்து வருகிறது என்பதை நாமும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய மோட்டாருக்குப் பொறி உண்டாக்க பேட்டரி தேவையில்லை. மேல் மூடிக்குள் இருக்கும் ஃப்ளைவீலில் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அதன் அடியில் கம்பிச் சுருள்கள் உள்ளன. கயிற்றை இழுத்ததும் சக்கரம் சுழன்று, சைக்கிள் டைனமோவைப் போலச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது.

பழைய மோட்டார்களில் பாயிண்ட், கண்டென்சர் என்ற பாகங்கள் இந்த மின்சாரத்தை உரிய நேரத்தில் துண்டித்துப் பொறியை உண்டாக்கின. பின்னர் வந்தவற்றில் அந்த வேலையைச் சி.டி.ஐ. பெட்டி செய்கிறது. நாம் நாள் முழுதும் சில்லறையைக் கல்லாவில் சேர்த்து, ஒரே தவணையில் சரக்குக்குக் கொடுப்பதைப் போல, இப்பெட்டி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது. மற்றொரு சிறு சுருள் சைகை தந்தவுடன் மொத்தத்தையும் இக்னிஷன் காயிலுக்கு அனுப்புகிறது. காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அது பிளக்கின் இடைவெளியைத் தாண்டும்போதுதான் பொறி தெறிக்கிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால், ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 83 முறை!

இந்த வரிசையில் பிளக் கடைசிக் கண்ணி மட்டுமே. எனவே விற்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்போம்.

நிறுத்தும் சுவிட்சில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சரியாக இருக்கிறதா? அது கழன்றிருந்தால் பொறியே வராது. பிளக்கின் தொப்பியிலும் கம்பி இணைப்புகளிலும் உப்புத் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்திருக்கிறதா? அப்படியானால் புதுப் பிளக் போட்டும் பயனில்லாமல் போகலாம்.

பழைய பிளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதும் நன்று. முனை இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். ஈரமும் கரியுமாக இருந்தால் ஆயில் கூடுதல், அல்லது பொறி பலவீனம். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களில் கரி விரைவாகப் படியும். முனை வெளுத்திருந்தால் சூடு அதிகம். மெக்கானிக்கிடம் அனுப்பி விடுவோம்.

சரக்கு எடுக்கும்போது குறியீட்டைக் கவனிக்க வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் 'பிஆர்8எச்எஸ்-10' என்றிருந்தால், 'ஆர்' என்பது உள்ளே மின்தடை உண்டு என்பதைக் குறிக்கும். 8 என்பது வெப்ப எண். எண் கூடினால் பிளக் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும். 10 என்பது 1.0 மில்லிமீட்டர் இடைவெளி. வேறு சில நிறுவனங்களின் வெப்ப எண் இதற்கு நேர்மாறானது. ஆகவே "பார்க்க ஒன்றுபோல் இருக்கிறதே" என்று மாற்றிக் கொடுக்கலாகாது. எஞ்சின் கையேட்டில் உள்ள எண்ணையே கொடுக்க வேண்டும்.

கடை வாசலில் பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அருகில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். மின் அதிர்ச்சியும் கடுமையாக இருக்கும். பிளக்கை எஞ்சின் உடலோடு சேர்த்துப் பிடிக்காவிட்டால் சி.டி.ஐ. பெட்டியே பழுதாகலாம்.

இரண்டு கேள்வி கேட்க இரண்டு நிமிடம்தான் ஆகும். தேவையில்லாத பிளக் ஒன்றை விற்காமல் விட்டால் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. படகு அன்றே கடலுக்குப் போனால், பற்றும் வரவாகும். வாடிக்கையாளரும் நம்மிடமே வருவார்.