சோளக்கொல்லையில் இரண்டு கிளிகள்: எதை விரட்டுவது?

"மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது கிளிக்கூட்டம் இறங்கிவிடுகிறது சார். அதில் சிலவற்றுக்குத் தலை சிவந்திருக்கிறது. இது புது இனமா? மருந்து வைக்கலாமா, வலை போட்டுப் பிடிக்கலாமா?" செஞ்சி மலையோர வாசகர் ஒருவரின் கேள்வி இது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் பணிபுரிந்தபோது நானும் பலமுறை கேட்டதுதான்.

புது இனமல்ல, இரண்டுமே நம் ஊர்க் கிளிகள்தான்.

செந்தார்ப் பைங்கிளி: நாம் பச்சைக்கிளி என்பது இதைத்தான். வால் நுனிவரை சுமார் 40 செ.மீ. நீளம், சிவந்த அலகு. ஆணின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக வளையம் இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. கீச்சென்று கத்தும். ஊர், தோப்பு, பழைய கட்டடம் என எங்கும் வாழும். ஜோசியக்காரர் கூண்டில் இருப்பதும் இதுவே.

செந்தலைக் கிளி: சற்றுச் சிறியது, சுமார் 35 செ.மீ. மேல் அலகு மஞ்சள், வால் நுனி வெள்ளை. ஆணின் தலை சிவப்பும் ஊதாவும் கலந்தது. பெண்ணின் தலை சாம்பல் நீலம். பெண்ணைப் பார்த்து மூன்றாவது இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. குரல் மென்மையானது. காடும் மலையடிவாரமும்தான் இதன் இடம். அதனால்தான் மலையோரக் கொல்லைகளில் தென்படுகிறது.

தானியம், பழம் இரண்டையும் இரண்டுமே தின்னும். ஆனால் ஊரை ஒட்டிய நிலங்களில் பெருங்கூட்டமாக வந்து, தின்பதைவிட அதிகம் கடித்துப் போடுவது செந்தார்ப் பைங்கிளிதான்.

விஷம் வேண்டவே வேண்டாம். புழு பிடிக்கும் கரிச்சானும் மைனாவும், நம் வீட்டுக் கோழியும் சேர்ந்து சாகும். கிளியைப் பிடிப்பது, விற்பது, கூண்டில் வளர்ப்பது எல்லாம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சுக்கு விலை பேசி யாராவது வந்தாலும் இடம் கொடுக்காதீர்கள். வழக்கு உங்கள் மேலும் வரும்.

பயிரைக் காக்க வழி இருக்கிறது. பால் பிடிக்கத் தொடங்கியதும், சிவப்பும் வெள்ளியுமாக மின்னும் நாடாவை முறுக்கி, பயிருக்கு ஓரடி மேலே கம்புகளில் கட்டுங்கள். முன்கூட்டியே கட்டினால் கிளிக்குப் பழகிவிடும். ஓரத்து இரண்டு மூன்று வரிசைக் கதிர்களை அதன் தோகையாலேயே சுற்றிவிடலாம். காலையும் மாலையும் காவல் அவசியம். பக்கத்து நிலத்தாரும் நீங்களும் ஒரே சமயத்தில் விதைத்தால் சேதம் பகிர்ந்துபோகும். கொய்யாவுக்குப் பிஞ்சிலேயே பை கட்டுங்கள்.

விரட்டுங்கள், தப்பில்லை. கொல்லாமல் விரட்டுங்கள்.