காலுக்கடியில் புகையும் நெருப்பு: கம்பத்து வீட்டைக் காப்பது எப்படி?

"காட்டுத் தீ எல்லாம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும்தானே வரும்? நம் ஜொகூரில் ஏதம்மா காட்டுத் தீ?"

கலந்துரையாடலின்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் எழுப்பிய கேள்வி இது. நேரம் போதாததால் அன்று சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். வாசகர்களுக்காக அதையே இங்குச் சற்று விரிவாகத் தருகிறேன்.

ஐயா கேட்டதில் தவறில்லை. புகை என்றாலே நமக்குச் சுமத்ராதான் நினைவுக்கு வரும். 2013 ஜூன் 23-ஆம் தேதி மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐ எட்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் புகை கடல் தாண்டி வந்ததுதான். ஆனால் 2019 ஆகஸ்டில் கேலாங் பாத்தா வட்டாரத்தில் எரிந்தது நம் சொந்த மண். ஆம், மரம் மட்டைகளோடு மண்ணும் சேர்ந்தே எரிந்தது. ஹெலிகாப்டரில் தண்ணீரைச் சுமந்து வந்து கொட்ட வேண்டியதாயிற்று.

மண் எரியுமா என்று கேட்பீர்கள். பொந்தியான், பத்து பகாட், மூவார் பக்கம் இருப்பவர்களுக்குத் 'தானா கம்புட்' என்றால் தெரியும். இலையும் வேரும் மரத்துண்டும் தண்ணீரில் ஊறி, பாதி மட்கியும் மட்காமலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிய மண் அது. பார்வைக்குத்தான் மண், உண்மையில் விறகு. ஈரமாக இருக்கும்வரை அதனால் ஆபத்தில்லை. செம்பனையும் அன்னாசியும் நடுவதற்காகக் கான் வெட்டி நீரை வடித்துவிட்டோம். விறகு காய்ந்துவிட்டது. அதிலும் ஒரு வினோதம்: இந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி எளிதில் தண்ணீரை உறிஞ்சாது. மேலே ஊற்றினால் வழிந்தோடிவிடும். மேலே அணைந்த நெருப்பு அடியில் வேர்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும். பல நாள் கழித்து வேறோர் இடத்தில் தலைகாட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பொந்தியான் பக்கம் என் பெரியம்மாவுக்குப் பலகை வீடு, தகரக் கூரை. ஒரு மார்ச் மாதம், மழை கண்டு வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டின் பின்னால் குப்பையை எரித்துவிட்டு, இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் கோழிக்கூண்டின் அருகே தரையிலிருந்து புகை வந்தது. பெரியம்மா செருப்பில்லாமல் போய்க் காலை வைத்தார். தரை சுட்டது. பொம்பாக்காரர்கள் வந்து, மண்ணைக் கிளறிக் கிளறிச் சேறாகும்வரை நனைத்தார்கள். கூண்டு போய்விட்டது, வீடு தப்பியது. "நெருப்பு இவ்வளவு தூரம் நடந்தா வரும்?" என்று பெரியம்மா இன்றும் கேட்பார்.

ஆகவே கம்புட் மண்ணில் குப்பையோ அன்னாசிச் செடியோ எரிக்கவே கூடாது. வாளித் தண்ணீரை நம்பவும் கூடாது. திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். 2024-இல் திருத்தப்பட்டபின் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம், 5 ஆண்டு வரை சிறையும் உண்டு.

அடுத்தது கான். வீட்டைக் காக்க நினைப்பவர்கள் கூரையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நானோ கானைப் பாருங்கள் என்பேன். கம்புட் மண்ணில் செம்பனை வைத்திருப்போர், நிலத்தடி நீரைத் தரையிலிருந்து 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. நீர் வடிந்துகொண்டே போனால் மணல் மூட்டை அடுக்கித் தடுக்கலாம். ஆனால் கான் ஒருவர் வீட்டோடு முடிவதில்லையே! பக்கத்துத் தோட்டக்காரர் திறந்துவிட்டால் உங்கள் மூட்டை வீண். மழை குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு முன்பும் ஜூன் மாதத்திற்கு முன்பும் அண்டை அயலாரோடு பேசிவிடுங்கள்.

வீட்டைச் சுற்றியும் வேலை உண்டு. காற்றில் பறந்துவரும் தீப்பொறிக்குக் காய்ந்த சருகு போதும். கூரை வாரியில் சேர்ந்த இலையை அள்ளுங்கள். கால் வைத்த வீடு என்றால் அடியில் விறகு, பழைய பலகை, டயர் எதுவும் வேண்டாம். லாலான் புல்லை ஒட்ட வெட்டுங்கள். செம்பனை மட்டைக் குவியலையும் கேஸ் தோம்பையும் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

தரையில் புகை கண்டால் அருகே போகாதீர்கள். அடிமண் எரிந்து குழியாகியிருக்கும், கால் உள்ளே போய்விடும். வேர் எரிந்த மரம் காற்றில்லாமலேயே சாயும். முதலில் குழந்தைகளையும் மூச்சுத்திணறல் உள்ள முதியவர்களையும் வெளியேற்றுங்கள். அடையாள அட்டை, நிலப் பட்டா, மருந்து மூன்றையும் ஒரே பையில் வைத்திருந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 999-க்கு அழைக்கும்போது ஊர்ப்பெயரோடு பாரிட் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொந்தியானில் பாரிட் ஒன்றா இரண்டா?