ராடின் மேல் இருக்கும் மண்

எங்கள் வீட்டு இரும்பு கேட் ஒரு ஐப்பசி மழைநாளில் கழன்று விழுந்தது. மேல் கீலின் வெல்டிங் விட்டுப்போயிருந்தது. அப்பா அப்போதுதான் வண்டியை உள்ளே தள்ளிவிட்டுத் திண்ணைக்கு வந்திருந்தார். ஒரு நிமிஷம் முன்னால் என்றால் அவ்வளவு இரும்பும் அவர் மேல்தான் விழுந்திருக்கும். வேலை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. விட்டுப்போன இடத்தைக் குனிந்து பார்த்தால், உள்ளே ஆப்பத்தில் இருக்கிற மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. வெளியே மட்டும் வழவழவென்று அழகான வெல்டிங்.

மறுபடி மாட்ட வந்தவர் வேறு பட்டறைக்காரர், அனுபவஸ்தர். ஒரே பார்வைதான். "ராடு ஈரம் தம்பி. மழையில பிரிச்சுக் கெடந்த பாக்கெட்ட எடுத்து அடிச்சிருக்காங்க."

"மேல இருக்கறது வெறும் மண்ணுதானே அண்ணே? வேலை முடிஞ்சதும் நீங்களே தட்டி எறியறீங்க. அது ஈரமா இருந்தா இரும்புக்குள்ள எப்படி ஓட்டை விழும்?"

அவர் சிரித்துவிட்டு ஒரு ராடை எடுத்து, சுத்தியலால் தட்டி மேல்பூச்சு முழுவதையும் உதிர்த்துவிட்டு, கம்பியை மட்டும் ஹோல்டரில் மாட்டி என்னிடம் கொடுத்தார். "இப்ப அடிச்சுப் பாரு."

அடிக்க முடியவில்லை. தொட்டால் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தால் பொறி பறந்தது, உடனே அணைந்தது. பத்துப் பதினைந்து தடவை உரசியும் இரும்பின் மேல் நாலைந்து கொப்புளங்கள் மட்டும் மிஞ்சின. அன்று ராத்திரியே இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் நம்மில் பலருக்கும் இருக்கிற ஒரு தப்பான எண்ணம். வெல்டிங் மெஷினில் பயங்கரமான வோல்டேஜ் இருக்கும், அதனால்தான் தீப்பொறி பாய்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறு. ராடு இரும்பைத் தொடாமல் இருக்கும்போது மெஷின் கொடுப்பது 60 முதல் 80 வோல்ட். வேலை நடக்கும்போது 20, 25 வோல்ட்தான். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே மின்சாரத்துக்கு 3000 வோல்ட் வாக்கில் வேண்டும். இடைவெளியை எவ்வளவு குறைத்தாலும், ஏறக்குறைய 330 வோல்ட்டுக்குக் கீழே காற்றைப் பிளந்துகொண்டு பொறி பாயாது. அப்படியானால் 80 வோல்ட் எப்படித் தாண்டுகிறது?

தாண்டுவதில்லை. அதனால்தான் தீக்குச்சி உரசுகிற மாதிரி ராடை உரசுகிறார்கள். நுனி இரும்பைத் தொட்டதும் ஷார்ட் சர்க்யூட். தொட்டுக்கொண்டிருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் வழியே மொத்தக் கரண்டும் பாய, அந்த இடம் நொடிக்குள் பழுத்து, உருகி, கொஞ்சம் ஆவியாகவே போய்விடுகிறது. அந்தச் சமயம் பார்த்து ராடை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கினால், இடையில் இருப்பது சாதாரணக் காற்று இல்லை, கொதிக்கிற உலோக ஆவி. எலக்ட்ரான்கள் அதன் வழியே பாய்ந்து, வழியில் இருக்கிற அணுக்களை மோதி உடைத்து மேலும் எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. வாயு மின்கடத்தியாகிவிடுகிறது. பிளாஸ்மா என்பது இதைத்தான். கரண்ட் பாய்வதால் சூடு, சூடு இருப்பதால் கரண்ட் பாய்கிறது. பொறி ஒரு கணத்தில் முடிந்துவிடும், இது தன்னைத்தானே பிடித்துவைத்துக்கொள்ளும். அதுதான் ஆர்க்.

தமிழில் மின்வில் என்கிறோம். பெயர் பொருத்தமானது. 1800-களின் தொடக்கத்தில் லண்டனில் ஹம்ப்ரி டேவி பெரிய பேட்டரி அடுக்கை வைத்து, படுக்கைவாக்கில் நிறுத்திய இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே இதைக் காட்டினார். சூடான வாயு மேலே எழும்புவதால் நடுப்பகுதி வில்லாக வளைந்தது. ரஷ்யாவில் வாசிலி பெட்ரோவ் 1802-லேயே இதைக் கவனித்திருந்தார்.

ஒரு சின்னக் கணக்கு. 100 ஆம்பியர், 25 வோல்ட் என்றால் 2500 வாட். குளியலறை கீஸர் எடுக்கிற அளவுதான்! ஆனால் கீஸர் அந்தச் சூட்டை ஒரு தொட்டித் தண்ணீருக்குப் பங்கு போடுகிறது. இங்கே அத்தனையும் ஒரு சுண்டைக்காய் அளவு இடத்தில் இறங்குகிறது. ஆர்க்கின் நடுவில் 6000 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். இரும்பு உருக 1538 டிகிரி போதும்.

ஆக, சூடு ஒரு பிரச்சினையே இல்லை. 1881-லேயே நிக்கோலாய் பெனார்டோஸ் கரித்துண்டு ஆர்க்கை வைத்து உலோகத்தை ஒட்டினார். 1888-ல் ஸ்லாவ்யானோவ் கரிக்குப் பதிலாக உலோகக் கம்பியையே வைத்தார். கம்பியே உருகி இடைவெளியை நிரப்பும். இன்றைய முறை கிட்டத்தட்ட அப்போதே வந்துவிட்டது. குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை: காற்று. உருகிய இரும்பு ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தாராளமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆறியபின் பார்த்தால் ஒட்டு முறுக்கு மாதிரி, தட்டினால் உடையும். இதற்கு வழி கண்டவர் ஸ்வீடனில் கப்பல் பாய்லர்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆஸ்கர் ஷெல்பெரி. 1907 வாக்கில் கம்பியின் மேல் கனிமப் பூச்சு பூசி, காய வைத்துப் பயன்படுத்தினார். இன்றும் வெல்டிங் கடைகளில் பார்க்கும் எசாப் என்ற பெயர் அவர் தொடங்கிய நிறுவனத்துடையது.

சரி, அந்த மண் என்னதான் செய்கிறது? எனக்குப் பிடித்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். பட்டறையில் இருக்கும் சாதா டிரான்ஸ்பார்மர் மெஷின் ஏ.சி. கரண்ட் கொடுப்பது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பூஜ்யத்தைத் தொடுகிறது, ஆர்க் செத்துப் பிழைக்கிறது. மறுபடி பற்றிக்கொள்ள, சுலபமாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிற யாராவது அங்கே இருக்க வேண்டும். பூச்சைக் கம்பியோடு ஒட்டவைக்கப் பொட்டாசியம் சிலிக்கேட் சேர்க்கிறார்கள். பொட்டாசியம் அணுவிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 4.3 எலக்ட்ரான்-வோல்ட் போதும். இரும்புக்கு 7.9, நைட்ரஜனுக்கு 14.5. நான் வெறும் கம்பியால் அடித்தபோது ஆர்க் நிற்காததற்கு முக்கியக் காரணம் இதுதான். நான் உதிர்த்துவிட்டது பசையை மட்டும் இல்லை, ஆர்க்கின் உயிரையும் சேர்த்து.

அடுத்தது புகை. பூச்சில் இருக்கும் செல்லுலோஸ், கார்பனேட் வகையறாக்கள் எரிந்து வருகிற வாயு, காற்றைத் தள்ளி நிறுத்துகிறது. அப்புறம் நாம் தட்டி எறிகிற அந்தக் கசடு. நம் பட்டறைகளில் அதிகம் ஓடுகிற 6013 ராடின் பூச்சில் பெரும்பங்கு டைட்டானியம் டை ஆக்சைடு, ரூட்டைல் என்ற கனிமம். உருகிய இரும்பைவிட எடை குறைவு என்பதால் பால் ஏடு மாதிரி மேலே மிதந்து மூடிக்கொள்ளும். காற்றையும் விடாது, சட்டென்று ஆறவும் விடாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இந்த ரூட்டைல் இருக்கிறது. ஆக, மண் என்று நான் சொன்னது ஒருவகையில் சரிதான்! கூடவே கொஞ்சம் மாங்கனீசும் சிலிக்கானும் கலந்திருக்கும். எல்லாவற்றையும் மீறி உள்ளே நுழைந்த ஆக்சிஜனைப் பிடித்துக் கசடுக்கு இழுத்துப்போவது அவற்றின் வேலை.

இப்போது எங்கள் கேட்டுக்கு வருவோம். பூச்சு மழை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் ஆர்க்கின் சூட்டில் நீராவியாகி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிகிறது. உருகிய இரும்பு ஹைட்ரஜனை நிறையக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும்போது அவ்வளவு இடம் கொடுக்காது, வெளியே தள்ளும். மேல்பக்கம் அதற்குள் உறைந்துபோனால் குமிழிக்கு வழியில்லை. சோடா பாட்டிலை உறைய வைத்த மாதிரி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஆப்பத்து ஓட்டைகள் அப்படி வந்தவை.

ஓட்டை விழுந்தால்கூடப் பரவாயில்லை, உடைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். உறுதி அதிகமான எஃகில் ஹைட்ரஜன் குமிழியாகாமல் அணு அணுவாக உள்ளே தங்கி, பல மணி நேரமோ சில நாளோ கழித்து விரிசல் விடவைக்கும். வேலை முடித்துச் சோதித்து எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தபின் விடுகிற விரிசல். அதனால்தான் பாலம், பாய்லர் வேலைகளுக்கு ஹைட்ரஜன் குறைந்த 7018 ராடை 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் வாட்டி, சூடு ஆறாமல் எடுத்து அடிக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எல்லா ராடையும் அப்படி வாட்டக் கூடாது. 6010 போன்ற செல்லுலோஸ் பூச்சு ராடுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஆர்க் ஒழுங்காக வரும். வாட்டினால் கெட்டுப்போகும்.

பூச்சே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. டிக் வெல்டிங்கில் உருகாத டங்ஸ்டன் ஊசி, சுற்றிலும் ஆர்கான் வாயு. மண் செய்த காவல் வேலையை ஆர்கான் செய்கிறது. டங்ஸ்டனிலிருந்து எலக்ட்ரான் சுலபமாக வர அதில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு கலப்பது வழக்கமாக இருந்தது. தோரியம் மோனசைட்டில் இருப்பது, மோனசைட்டும் மணவாளக்குறிச்சி மணலில் இருப்பதுதான். தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது என்பதால் இப்போது லாந்தனம், சீரியம் என்று மாறி வருகிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் உரசிப் பார்த்த பத்து நிமிஷமும் அண்ணன் என் முகத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடிக்கவைத்தார், தெருப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருந்தார். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். சுட்டது அப்போது தெரியாது. ராத்திரி தூக்கத்தில் கண்ணில் மணல் கொட்டின மாதிரி எழுப்பும். ஃபேஷன் கூலிங்கிளாஸ் இதற்கு உதவாது, 10 அல்லது 11 நம்பர் வெல்டிங் கண்ணாடிதான் வேண்டும். உருளைக்கிழங்கு வைப்பது குளிர்ச்சிக்கு மட்டும்தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனாலும் கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மறுவாரம் மிச்சப் பணம் கொடுக்க அண்ணன் பட்டறைக்குப் போனேன். வெளியே நல்ல மழை. மூலையில் ஓடாத பழைய ஃபிரிட்ஜ் ஒன்று நின்றது. திறந்து காட்டினார். தட்டுகளில் ராடுகள் அடுக்கியிருந்தன, கீழே 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"மழக்காலம் முடியறவரைக்கும் அத அணைக்கறதில்ல" என்றார்.