மாடிப்படி நாற்காலி: அதிக எடை தாங்கும் வகையைத் தேர்ந்தெடுப்பதும் வீட்டில் பொருத்துவதும்

பிறை, செபராங் ஜெயா பகுதிகளில் உள்ள இரட்டை மாடித் தெரெஸ் வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் மாடியில்தான் இருக்கும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும், நீரிழிவால் காலை இழந்தவர்களுக்கும் அந்தப் பதினைந்து படிகள் பெரிய தடை. சிலர் வீட்டு ஹாலிலேயே படுத்துக்கொள்கிறார்கள். சிலர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். உடல் எடை கூடுதலாக இருந்து கால் வழுக்கினால் இருவருமே விழ நேரிடும்.

‘ஸ்டேர்லிஃப்ட்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் மாடிப்படி நாற்காலி இதற்கு ஒரு வழி. படிகளின் ஓரமாக ஒரு தண்டவாளத்தைப் பொருத்துவார்கள். பேட்டரியால் இயங்கும் நாற்காலி அதன் மேல் மெதுவாக ஏறி இறங்கும். நீங்கள் உட்கார்ந்து, இடுப்புப் பட்டை போட்டு, கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் போதும். கையை எடுத்தால் நின்றுவிடும்.

முதலில் எடை

சாதாரண மாடிப்படி நாற்காலிகள் ஏறத்தாழ 120 முதல் 140 கிலோ வரை தாங்கும். அதற்கு மேல் தாங்கும் வகைகளும் உண்டு. 160, 180, 200 கிலோ என்று கிடைக்கின்றன. அதையும் தாண்டியவை உள்ளன. அவற்றில் இருக்கை அகலமாகவும், தண்டவாளமும் மோட்டாரும் உறுதியாகவும் இருக்கும்.

சரியான எடையைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். அம்மாவின் எடை என்று பிள்ளைகள் கடையில் சொல்வது பெரும்பாலும் பழைய எடையாகவே இருக்கிறது. வீட்டுத் தராசுகள் பல 150 கிலோவுக்கு மேல் காட்டுவதில்லை. ஆகவே அரசாங்கக் கிளினிக்கில் எடை பாருங்கள். செயற்கைக் கால் அணிபவர் அதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வந்த எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாகத் தாங்கும் நாற்காலியைக் கேளுங்கள். கால் வீக்கம், நீர் கோத்தல் போன்றவற்றால் எடை ஏறி இறங்கும் என்பதால் இந்த இடைவெளி தேவை.

எடை தாங்கினால் மட்டும் போதாது. கைப்பிடிகளுக்கு இடையே உங்கள் இடுப்பு நெருக்கடி இல்லாமல் பொருந்த வேண்டும். நாற்காலி படியில் பக்கவாட்டாகச் செல்வதால் உங்கள் முழங்கால் எதிர்ச்சுவரை நோக்கியே இருக்கும். படி குறுகலாக இருந்தாலோ முழங்கால் முழுதாக மடங்காவிட்டாலோ கால் சுவரில் உரசும். கடையில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு வீட்டுப் படியில் அளவெடுக்க வருபவரிடம், நாற்காலியின் முதுகிலிருந்து உங்கள் முழங்கால் முனை வரை அளக்கச் சொல்லுங்கள். உட்காராமல் படத்தைப் பார்த்து மட்டும் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்குப் பொத்தான் நல்ல கைப் பக்கம் இருக்க வேண்டும். மேல் படிக்கு வந்ததும் இருக்கை மாடித் தரையை நோக்கித் திரும்பி, அங்கேயே பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் படியின் உச்சியிலேயே எழுந்து நிற்க நேரிடும். கனமானவர்களுக்கு இருக்கையைக் கையால் திருப்புவது கடினம். மோட்டாரால் திரும்பும் வகையைக் கேளுங்கள்.

அடுத்து உங்கள் மாடிப்படி

தண்டவாளத்தைச் சுவரில் மாட்டுவதில்லை, படிகளின் மேல்தான் பொருத்துகிறார்கள். எனவே முழு எடையும் படிகளில் இறங்கும். சிமெண்டுப் படியானால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் மேலே ஒட்டிய டைல்ஸ் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்டால் துளையிடும்போது உடையக்கூடும். பழைய வீடுகளில் உள்ள மரப்படியைக் கரையான் அரித்திருக்கிறதா என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தச்சரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

நேரான படிக்கு ஒரே நாளில் பொருத்திவிடலாம். நடுவில் திரும்பும் படிக்குத் தண்டவாளத்தை அந்த வீட்டு அளவுக்கே வளைத்துச் செய்ய வேண்டும். அதற்கு வாரக் கணக்காகும், செலவும் கூடும். வளைவுப் பாதையில் செல்லும் நாற்காலிகள் பல நேர்ப்பாதை வகையைவிடக் குறைந்த எடையே தாங்கும். இரண்டு நேர் நாற்காலிகள் வைத்து, நடுவில் மாறி உட்காரலாம் என்று யாராவது சொன்னால், நிற்கச் சிரமப்படும் ஒருவருக்கு அது நல்லதா என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுக்குமாடி வீடுகளில் பொதுப் படிக்கட்டு எல்லாருக்கும் உரியது. தீ விபத்தில் தப்பிக்கும் வழியும் அதுவே. அங்கே பொருத்தும் எண்ணத்தைவிடத் தரைத்தள வீட்டுக்கு மாறக் கேட்பது நல்லது.

செபராங் ஜெயா மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் செயல்வழிச் சிகிச்சையாளர் (ஜுருபுலிஹ் சாரா கெர்ஜா) இருக்கிறார். வாங்கும் முன் உங்கள் மருத்துவர் மூலம் அவரைப் பாருங்கள். கீழே ஓர் அறையும் கழிவறையும் ஒதுக்க முடிந்தால், சிலருக்கு அதுவே மலிவான, பாதுகாப்பான ஏற்பாடு. நாற்காலியில் ஏறி இறங்கக்கூட இருவர் தூக்க வேண்டியவர்களுக்கு இந்தச் சாதனம் பொருந்தாது.

விலைச்சீட்டில் கேட்க வேண்டியவை

தாங்கும் எடை எழுத்தில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9386-2 அல்லது ஈஎன் 81-40 தரத்தைப் பின்பற்றியதா என்று கேளுங்கள். உத்தரவாதம் பேட்டரிக்கும் சேர்த்தா, பழுதானால் ஆள் பினாங்கிலிருந்து வருவாரா, கோலாலம்பூரிலிருந்து வருவாரா என்பதும் முக்கியம். பழைய நாற்காலியைக் குறைந்த விலையில் கொடுத்தால், எடை அளவு குறித்த தகடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தகடு இல்லையென்றால் வேண்டாம்.

மாற்றுத் திறனாளியாகப் பதிந்தவர்கள் துணைக் கருவி உதவிக்குச் சமூக நலத்துறையிடம் விண்ணப்பிக்கலாம். மாற்றுத் திறனாளிக்கான அடிப்படைத் துணைக் கருவிகளுக்கு 6,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. உங்கள் நாற்காலி அதில் சேருமா என்பதை வாங்கும் முன்பே வருமான வரி வாரியத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொருத்திய பிறகு

வேலையாட்கள் போகும் முன், அவர்கள் கண்முன் நீங்களே மூன்று முறை ஏறி இறங்குங்கள். கால்தட்டில் ஏதாவது தட்டினால் நாற்காலி நிற்க வேண்டும். ஒரு செருப்பை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சேலை முந்தானையும் கைலியின் விளிம்பும் தண்டவாளப் பற்களில் சிக்கக்கூடும். மடித்துச் செருகிக்கொண்டு உட்காருங்கள். பேரப்பிள்ளையை மடியில் வைக்க வேண்டாம். இது ஒருவருக்கான நாற்காலி.

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று இரவில் எல்லாச் சுவிட்சையும் அடைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதன் சுவிட்சை மட்டும் அடைக்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் மின்தடையிலும் சில முறை ஏறி இறங்கலாம். பேட்டரி தீர்ந்தால் நீங்கள் மாடியிலேயே இருக்க வேண்டியதுதான்.

2017 நவம்பர் அடைமழையில் செபராங் பிறையின் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். உங்கள் தாமானில் நீர் ஏறுமென்றால், சார்ஜர் பிளக்கை உயரமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் நீர் புகும் முன்பே நாற்காலியை மேலே ஏற்றி நிறுத்திவிடுங்கள். நீர் நின்ற தண்டவாளத்தைத் தொழில்நுட்பர் பார்க்கும்வரை பயன்படுத்தக் கூடாது.

ஏறும்போதெல்லாம் கைத்தொலைபேசி உங்களிடம் இருக்கட்டும். நாற்காலி பாதியில் நின்றுவிட்டால் பட்டையைக் கழற்றிப் படியில் இறங்க முயலாதீர்கள். உட்கார்ந்தபடியே வீட்டாரை அழையுங்கள். யாரும் இல்லையென்றால் 999.